காவல் பூண்ட கருனி

தொண்டை நாட்டிலே, சென்னையிலிருந்து மேற்கு நோக்கிப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது திருப்பெரும்புதூர். வைணவ ஆசாரியராகிய இராமானுசர் பிறந்த பதி என்னும் பெருமை அதற்கு ஆயிரம் ஆண்டுகளாக உண்டு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரம் வேறொரு வகையாலும் பெயர் பெறலாயிற்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ, நிசான் ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டாலை திறக்கப்பெற்றது. ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த நிலங்களின் நடுவே காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் விளையலாயின.

இவ்வாலைகளிலே தகட்டை வளைப்பதும், பற்றவைப்பதும், வண்ணம் பூசுவதும் பெரும்பாலும் எந்திரக் கைகளே. அக்கைகளுக்கு ஆணையிடுவன கணிப்பொறிகள். ஆதலின், ஆலையின் வாயிலில் எத்துணைக் காவலர் நின்றாலும், கணிப்பொறியின் வாயில் திறந்து கிடக்குமாயின் ஆலை காவலற்றதேயாகும். இவ்வுண்மையை 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகு கண்டது. அம்மாதம் 12ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று, ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் பரவத் தொடங்கிற்று. கணிப்பொறியிலுள்ள கோப்புகளையெல்லாம் மறைமொழியாக மாற்றிப் பூட்டிவிட்டு, அவற்றை மீட்க வேண்டுமாயின் பணம் தருக என்று கேட்பது அதன் தொழில். சில நாள்களுக்குள் நூற்றைம்பது நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளை அது பற்றிற்று. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பிரான்சு நாட்டில் கார் ஆலைகள் நின்றன. ஒரகடத்துக் கூட்டாலையும் அதனால் பாதிப்புற்றது என்று அந்நாளில் செய்திகள் வெளிவந்தன. எங்கோ கடலுக்கப்பால் எழுதப்பெற்ற சில வரிகள், கம்பியின் வழியே வந்து, காஞ்சி வட்டாரத்து ஆலையொன்றைத் தொட்டன!

இத்தகைய இடர்களைத் தடுக்கும் முயற்சிகளுள் ஒன்று, கணிப்பொறியின் உள்ளேயே மீறவொண்ணாத விதிகளை நிறுவுதல். அதனைக் ‘கட்டாய அணுகற்கட்டுப்பாடு’ என்பர். அஃது இன்னதென அறிதற்கு முன், கணிப்பொறியின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடுகின்றன. அவை யாவும் ஒரே நினைவகத்தையும், ஒரே வட்டினையும், ஒரே வலைக்கம்பியையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியவை. அவற்றுக்கிடையே நின்று பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரற்றொகுதியே இயங்குதளம் எனப்படும். அதன் நடுவிலுள்ள பகுதியை ஆங்கிலேயர் ‘கெர்னல்’ என்றனர். கொட்டையின் உள்ளிருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் அதனைக் ‘கருனி’ என வழங்குகின்றனர். எந்த நிரலும் தானே சென்று ஒரு கோப்பைத் திறக்கவியலாது; கருனியை வேண்ட வேண்டும். கருனி இசைந்தால் திறக்கும். மறுத்தால் மூடியே இருக்கும்.

இசைவதா மறுப்பதா என்பதைக் கருனி எவ்வாறு துணிகிறது? 1970ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இதற்கு எளியதொரு முறை இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உடையவர் உண்டு. அதனை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் இயக்கலாம் என்பதை அவ்வுடையவரே தம் விருப்பம்போல் குறித்து வைப்பார். இதற்கு ‘விருப்புரிமை அணுகற்கட்டுப்பாடு’ என்று பெயர். இன்றளவும் பெரும்பாலான கணிப்பொறிகளில் இம்முறை வழக்கில் உள்ளது.

இம்முறையின் இயல்பினை விளக்கத் திருப்பெரும்புதூரிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டா. திருக்கோட்டியூர் நம்பி இராமானுசருக்குத் திருமந்திரத்தின் பொருளை உபதேசித்தபோது, அதனைப் பிறர்க்கு வெளியிடலாகாது என்று கட்டளையிட்டாராம். இராமானுசரோ கோயிலின் மேல்தளத்தில் ஏறி நின்று, விரும்பியோர் அனைவர்க்கும் அதனை உரைத்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறும். அவ்வருட்செயலை உலகம் போற்றுகிறது, போற்றத்தக்கதே. ஆயினும் அதனுள் அமைந்த முறையை மட்டும் நோக்குக. ஒருவர் கையில் ஒன்று ஒப்படைக்கப்பட்டபின், அதனை மேலும் யாருக்கு வழங்குவது என்பது பெற்றவரின் உள்ளத்தைப் பொறுத்ததாயிற்று. கொடுத்தவரின் தடை வெறும் சொல்லாகவே நின்றது. பெற்றவர் இராமானுசராக இருந்தமையால் உலகிற்கு நன்மை விளைந்தது. பெற்றவர் இடத்தில் ஒரு கள்ளன் இருப்பின்?

கணிப்பொறியில் கள்ளன் வருவது பெரும்பாலும் உடையவரின் உருவத்திலேதான். ஒருவர் இயக்கும் நிரல், அவருடைய உரிமை முழுவதையும் பெற்று ஓடுகிறது. கணக்கர் ஒருவர் தமக்கு வந்த அஞ்சலைத் திறக்கிறார். அதனுள் ஒரு தீநிரல் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தீநிரல் கணக்கர் படிக்கக்கூடிய அனைத்தையும் படிக்கும். அவர் அழிக்கக்கூடிய அனைத்தையும் அழிக்கும். கருனிக்கு அது கணக்கராகவே தோன்றும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. யூனிக்ஸ் மரபில் ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனர் ஒருவர் இருக்கிறார். அவர் முன் எந்தத் தடையும் நில்லாது. தலைமைப் பயனரின் உரிமையோடு ஓடும் ஒரு நிரலில் சிறு பிழை இருந்து, அதன் வழியே பகைவன் புகுந்துவிடுவானாயின், ஒரே அடியில் கணிப்பொறி முழுவதும் அவன் கையதாகும்.

கட்டாய அணுகற்கட்டுப்பாடு இதற்கு மாறானது. இங்கே விதியை வகுப்பவர் வேறு; பொருளை ஆள்பவர் வேறு. உடையவர் இசைந்தாலும் விதி இசையாவிடின் கருனி மறுத்துவிடும். தலைமைப் பயனருக்கும் இவ்விதி ஒக்கும்.

ஒரகடத்திற்குத் தெற்கே உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேரும் முறையை அவை கூறும். முப்பத்தைந்து வயதிற்கு மேலும் எழுபது வயதிற்குக் கீழும் உள்ளவராதல் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் ஓலை எழுதப்பெறார் என்றெல்லாம் அவை விதிக்கின்றன. சபையோர் கூடி விதித்தவையே எனினும், கல்லில் ஏறியபின் அவ்விதிகள் சபையோரையும் கட்டுப்படுத்தின. ‘இவர் எனக்கு வேண்டியவர், இவர் பெயரையும் குடத்தில் இடுக’ என்று ஒருவர் கூறினால் அது செல்லாது. கட்டாய அணுகற்கட்டுப்பாடு இத்தகைய கல்லெழுத்தைக் கருனியின் உள்ளே பொறித்து வைக்கும் முயற்சி எனலாம்.

இம்முயற்சி படைத்துறையில் தோன்றிற்று. 1973ஆம் ஆண்டில் பெல், லாபடுலா என்னும் இருவர் அமெரிக்க நாட்டு விமானப்படையின் பொருட்டு ஒரு முறை வகுத்தனர். மறைபொருள் காத்தல் அதன் நோக்கம். தாழ்ந்த நிலையில் உள்ளவன் உயர்ந்த மறைபொருளைப் படித்தலாகாது. உயர்ந்த நிலையில் உள்ளவன் தாழ்ந்த ஏட்டில் எழுதலாகாது. 1977இல் பீபா என்பவர் இதனைத் தலைகீழாகத் திருப்பினார். அவர் கருதியது மறைபொருளை அன்று, பொருளின் தூய்மையை. தாழ்ந்த நம்பகம் உடைய நிரல், உயர்ந்த நம்பகம் உடைய கோப்பைத் திருத்தலாகாது. உயர்ந்தது தாழ்ந்ததைப் படித்து மயங்கலாகாது என்றார். ஆலைகளுக்குப் பீபாவின் முறையே மிகவும் ஏற்றது. எந்திரக் கை எவ்வளவு தொலைவு நீள வேண்டும் என்னும் எண் பிறருக்குத் தெரிந்துவிட்டால் இழப்புச் சிறிது. அவ்வெண்ணைப் பிறர் மாற்றிவிட்டால், அருகில் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கே இடர் அன்றோ?

நெடுங்காலம் ஏட்டிலும் சில படைத்துறைக் கணிப்பொறிகளிலும் மட்டுமே இருந்த இம்முறை, பொதுமக்களின் கணிப்பொறிகளுக்கு வந்தது 2000ஆம் ஆண்டிற்குப் பிறகே. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு முகமை, லினக்ஸ் கருனிக்காகத் தான் அமைத்த ‘எஸ்.ஈ.லினக்ஸ்’ என்னும் கூறினை யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டது. 2003இல் வந்த லினக்ஸ் 2.6 அதனைத் தன்னகத்தே ஏற்றது. பின்னர் ஸ்மாக், ஜப்பானியர் ஆக்கிய டொமோயோ, ஆப்ஆர்மர் என வேறு கூறுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. ஃப்ரீபி.எஸ்.டி. என்னும் மற்றோர் இயங்குதளம் 2003 ஜனவரியில் வெளிவந்த தன் ஐந்தாம் பதிப்பிலேயே இதற்கென ஒரு சட்டகம் அமைத்துக்கொண்டது. பீபாவின் முறையையும் பெல், லாபடுலா முறையையும் அச்சட்டகத்தில் தனித்தனிக் கூறுகளாகப் பொருத்தலாம்.

இனி, இக்காவலைக் கருனியில் அமைக்கும் வகையைக் காண்போம். இங்குதான் மிகுந்த கவனம் வேண்டும்.

லினக்ஸ் கருனியை ஆக்குவோர் முதலில் ஒரு நீண்ட வினாப்பட்டியலுக்கு விடையிறுக்க வேண்டும். ஒவ்வொரு கூறும் கருனியில் இருத்தல் வேண்டுமா, வேண்டாவா, அன்றித் தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளும் தனித்துண்டாக இருக்கலாமா என்பவை அவ்வினாக்கள். ஒலி எழுப்பும் கருவிக்குரிய நிரல் தனித்துண்டாக இருக்கலாம். பாதுகாப்புக் கூறு அவ்வாறு இருத்தல் இயலாது. ஆம் அல்லது இல்லை என்னும் இரண்டே விடைகள் அதற்குண்டு. காரணம் தெளிவு. இடையில் வந்து சேரும் காவலன் தனக்கு முன் உள்ளே புகுந்தோரை அறியான்.

எஸ்.ஈ.லினக்ஸ் வேண்டும் என்று மட்டும் குறித்தால் போதாது. அதற்குத் துணையாவன சில உள. வலைவழி வரும் வேண்டுகோள்களிலும் காவல் நுழைய இசைவு தரல் வேண்டும். மறுப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டுக் கூறு இருத்தல் வேண்டும். வட்டில் உள்ள கோப்பு முறைமை, ஒவ்வொரு கோப்புடனும் ஒரு முத்திரையைச் சேர்த்து வைக்க வல்லதாதல் வேண்டும். ஃப்ரீபி.எஸ்.டி.யிலும் இவ்வாறே, கருனியில் சட்டகம் இருந்தும், வட்டின் பகுதியில் ‘மல்டிலேபல்’ என்னும் குறிப்பினை இடாவிடின், கோப்புக்கொரு முத்திரை பொறித்தல் இயலாது, பகுதி முழுமைக்கும் ஒரே முத்திரையே நிற்கும்.

முத்திரை என்றது யாது? ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும், கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைப்பெயர் சூட்டப்படுகிறது. வலைப்பக்கங்களை வழங்கும் நிரலுக்கு ஒரு பெயர். வலைப்பக்கக் கோப்புகளுக்கு ஒரு பெயர். கடவுச்சொற்கள் உறையும் கோப்புக்கு வேறொரு பெயர். முதற்பெயருடையது இரண்டாம் பெயருடையதைப் படிக்கலாம் என்று விதித்தொகுதியில் ஒரு வரி இருக்கும். மூன்றாவதைப் படிக்கலாம் என்று வரி இராது. வரி இல்லாத இடத்தில் மறுப்பே விடை. ஆகவே, வலைநிரலைப் பகைவன் கைப்பற்றினும், அது தலைமைப் பயனரின் உரிமையோடு ஓடினும், கடவுச்சொற் கோப்பு அவனுக்குத் திறவாது. பழைய விருப்புரிமை முறையும் நீங்கிவிடுவதில்லை. முதலில் அது வினவப்படும். அது இசைந்தபின் கட்டாய விதி வினவப்படும். இரண்டும் இசைந்தாலன்றிக் கதவு திறவாது.

முத்திரையில் ஒரு நுட்பம் உண்டு. புதியோர் பலர் இடறி விழுவது இங்கேதான். ஆலை ஒன்றில், எந்திரங்கள் தரும் அளவுகளைத் திரட்டி வலைப்பக்கமாகக் காட்டும் கணிப்பொறி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பொறியாளர் ஒரு பக்கத்தைத் தம் சொந்தக் கோப்பறையில் எழுதி முடித்து, வலைப்பக்க அறைக்கு நகர்த்துகிறார். பெயர் சரி, இடம் சரி, படிக்கும் உரிமையும் சரியே. ஆயினும் வலைநிரல் அதனைப் படிக்க மாட்டாது. ஏன்? நகர்த்தப்பட்ட கோப்பு தன் பழைய முத்திரையைச் சுமந்தே செல்லும். படியெடுக்கப்பட்ட கோப்போ புதிய இடத்தின் முத்திரையைப் பெறும். ஊர் மாறியும் பழைய ஊரின் குடும்ப அட்டையையே வைத்திருந்தவனை முன்னாளில் நியாயவிலைக் கடைக்காரர் திருப்பி அனுப்பியது போன்றது இது. அட்டையைத் திருத்திக்கொள்ள ஒரு சிறு கட்டளை போதும். அதனை அறியாதவர் செய்வது யாது? காவல் முழுவதையுமே அணைத்துவிடுகின்றனர். தாழ்ப்பாள் இறுகியது என்று கதவைக் கழற்றி எறிவாரை என்னென்பது!

இவ்விடர் நேராதிருக்கவே இரு நிலைகள் வகுக்கப்பட்டன. ஒன்று, விதியை மீறுவதைத் தடுக்காமல் பதிவேட்டில் எழுதி மட்டும் வைக்கும் நிலை, ‘பெர்மிசிவ்’ என்பர். மற்றொன்று, எழுதுவதோடு தடுக்கவும் செய்யும் நிலை, அது ‘என்ஃபோர்சிங்’. அறிந்தோர் முதல் நிலையில் சில காலம் ஓடவிட்டு, பதிவேட்டைப் பயின்று, விதிகளைத் திருத்தி, அதன்பின்னரே இரண்டாம் நிலைக்குச் செல்வர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இதனையே செய்தனர். 2013இல் வந்த 4.3ஆம் பதிப்பில் எஸ்.ஈ.லினக்ஸ் வெறுமனே பார்த்திருந்தது. அவ்வாண்டே வந்த 4.4ஆம் பதிப்பில் ஒரு பகுதியைத் தடுக்கத் தொடங்கிற்று. 2014இல் வந்த 5.0ஆம் பதிப்பில் முழுமையாகத் தடுத்தது. கோடிக்கணக்கான மக்கள் கையில் ஏந்திய கருவியில் இம்மாற்றம் நிகழ்ந்தும், அவர்களுள் பெரும்பாலோர் அதனை உணரவுமில்லை.

பதிவேட்டில் உள்ள மறுப்புகளைப் படித்து, அவற்றை இசைவிக்கும் விதிகளைத் தானே எழுதித் தரும் கருவி ஒன்றும் உண்டு. அது நல்ல வேலையாள். நல்ல அமைச்சன் அன்று. கேட்டதையெல்லாம் ‘தருக’ என்றே அது எழுதும். கேட்டவன் பொறியாளனா கள்ளனா என்று ஆராய்வது மனிதர் கடன்.

இவ்வளவு உழைப்பிற்கும் பயன் உண்டோ என்று ஐயுறுவோர்க்கு, முற்கூறிய 2017 மே மாதமே விடை தருகின்றது. வான்னாக்ரை புகுந்த வழி, வின்டோஸ் இயங்குதளத்தில் கோப்புகளைப் பலரோடு பகிர்தற்குரிய எஸ்.எம்.பி. என்னும் சேவையில் இருந்த ஒரு பிழை. அப்பிழையைத் திருத்தும் நிரலை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது, இட்டுக்கொள்ளாதோர் பலர். ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. அச்சேவை வின்டோஸ் கருனியின் உள்ளேயே இயங்கிற்று. ஆகவே பிழையின் வழியே புகுந்தவன் கருனியாகவே ஆகிவிட்டான். கருனியின் விதிகளைக் காப்பது கருனியே. அதுவே பகைவன் வயப்பட்டபின் எந்தக் கட்டாய விதியும் பயன்படாது. அத்தகைய இடத்தில் உரிய காலத்தில் இட்ட திருத்தமே காவல்.

பன்னிரண்டு நாள் கழித்து, மே 24ஆம் நாள், மற்றொரு பிழை வெளிப்பட்டது. லினக்ஸ் கணிப்பொறிகளில் அதே கோப்புப் பகிர்வினைச் செய்யும் சாம்பா என்னும் நிரலில், 2010இல் வந்த பதிப்பு முதலாக ஏழாண்டு ஒளிந்திருந்தது அப்பிழை. பகிர்வு அறையில் எழுதும் உரிமை பெற்ற ஒருவன், தீநிரல் அடங்கிய கோப்பு ஒன்றினை அங்கே இட்டு, சாம்பாவையே அதனை ஏற்றி இயக்குமாறு செய்ய முடிந்தது. முன்னதற்கு உடன்பிறப்பு என்றே இதனைப் பலரும் அஞ்சினர். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு. சாம்பா கருனிக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல். எஸ்.ஈ.லினக்ஸ் விதிகள் தடுக்கும் நிலையில் இருந்த ரெட் ஹாட் கணிப்பொறிகளில், சாம்பா தனக்குரிய அறையிலுள்ள துண்டுகளை மட்டுமே ஏற்றலாம் என்று முன்னரே விதி இருந்தது. பகிர்வு அறையில் கிடந்த கோப்பின் முத்திரை வேறு. ஆதலின் கருனி மறுத்தது. தாக்குதல் அங்கேயே நின்றது. அவ்விதியை வகுத்தவர் இப்பிழையை அறிந்திலர். இன்ன நிரலுக்கு இன்னதே தொழில் என்று வரையறுத்தார், அவ்வரையறையே காத்தது. ‘தொல்லை’ என்று விதிகளை அணைத்து வைத்திருந்த கணிப்பொறிகளுக்கோ அந்தக் காவல் கிட்டவில்லை.

அணைக்கும் வழிகளும் நாளடைவில் சுருங்கி வருகின்றன. எஸ்.ஈ.லினக்ஸைக் கணிப்பொறி தொடங்கியபின் அடியோடு விலக்கிவிட இடந்தந்த தெரிவு ஒன்று கருனியில் நெடுநாள் இருந்தது. ஓடும்போதே கழற்றத்தக்க காவல், பகைவன் கழற்றவும் தக்கதே என்று கருதி, 2023இல் வந்த லினக்ஸ் 6.4இல் அதனை நீக்கினர். இன்றும் விலக்க விரும்புவோர் கணிப்பொறி தொடங்கும்போதே கருனிக்கு அதனை அறிவித்தல் வேண்டும்.

திருப்பெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலை உள்ளது. 2019 முதல் அவ்வாலையில் ஐஃபோன் கைப்பேசிகள் பொருத்தப்படுகின்றன. அங்கே பணிபுரிவோருள் பெண்களே மிகுதி. அக்கைப்பேசியின் கருனிக்குள் இருக்கும் கட்டாயக் கட்டுப்பாட்டுச் சட்டகம், ஃப்ரீபி.எஸ்.டி.க்கென அமைக்கப்பெற்றதிலிருந்தே வந்தது. ஆப்பிள் நிறுவனம் அதனை முதலில் 2007ஆம் ஆண்டில் தன் மேசைக் கணிப்பொறிகளில் நிரல்களை அடைத்துவைக்கும் வேலிக்கு அடிப்படையாகக் கொண்டது. பின்னர் கைப்பேசிக்கும் கொணர்ந்தது. ஒரு விளையாட்டு நிரல் வங்கி நிரலின் கோப்பைத் தொட முயலுமாயின், கைப்பேசிக்கு உடையவர் யாராயினும், கருனி அதனை மறுக்கும்.